ஜப்பானோடு நின்றுபோன கேம்கள்

2024 பிப்ரவரி 21. நின்டெண்டோ நிறுவனம் வரப்போகும் கேம்களை அறிவிக்கும் நின்டெண்டோ டைரக்ட் ஒளிபரப்பு. உலகத்துக்கு ஒரு காணொளி, ஜப்பானுக்கு ஒரு காணொளி. இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் ஜப்பான் காணொளியில் நமக்கில்லாத துண்டு ஒன்றிரண்டு வரும். அதற்காகவே இரண்டையும் பக்கத்துப் பக்கத்து ஜன்னலில் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன் (ஆமாம், இப்படியும் சிலர் இருக்கிறோம்). ஜப்பான் ஜன்னலில் அந்த லோகோ வந்தது. பாதி மரம், பாதி உலோகம், இரண்டையும் அடித்து ஒட்டவைத்த மாதிரி எழுத்து. மதர் 3. இன்னொரு ஜன்னலில் அந்த நேரத்தில் என்ன ஓடியது என்று இப்போது சுத்தமாக நினைவில்லை.

நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கான ஆன்லைன் சந்தாவில் எக்ஸ்பான்ஷன் பேக் என்ற கூடுதல் வகை வைத்திருப்பவர்கள் அன்றைக்கே விளையாடலாம் என்றார்கள். ஜப்பானில்.

மதர் 3 பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஷிகெசாதோ இதோய் என்பவர் விளம்பர வாசகம் எழுதிப் பேர் வாங்கியவர். அவர் எழுதிய மூன்று கேம்கள்தான் மதர் வரிசை. எல்லாம் நின்டெண்டோ கருவிகளுக்கு: முதலாவது 1989-ல் ஃபேமிகாமுக்கு, இரண்டாவது 1994-ல் சூப்பர் ஃபேமிகாமுக்கு, மூன்றாவது 2006 ஏப்ரல் 20 அன்று கேம் பாய் அட்வான்ஸுக்கு. மூன்றாவது வந்தபோது அடுத்த கருவியான நின்டெண்டோ டிஎஸ் கடைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பந்தியை எடுத்துக்கொண்டிருக்கும்போது வந்து சேர்ந்த விருந்தாளி மாதிரி. ஜப்பானில் விற்றார்கள், அத்தோடு சரி. வெளியில் இருக்கும் ரசிகர்கள் அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், எந்த அளவுக்கென்றால் 2014 ஈ3 கண்காட்சிக்காக நின்டெண்டோவே தயாரித்த பொம்மை நகைச்சுவைக் காட்சியில், ஒரு ரசிகர் "மதர் 3 கொடுங்கள்" என்று கேட்க, அப்போதைய அமெரிக்கத் தலைவர் ரெஜி ஃபில்ஸ்-எமேயின் பொம்மை அவரை நெருப்புப் பந்தால் கொளுத்திவிடும். சிரித்தேன். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து எரிச்சல் வந்தது. கேட்பது காதில் விழுந்திருக்கிறது, அதை வைத்து ஜோக்கே எழுதியிருக்கிறார்கள், கேம் மட்டும் வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் கேம் பாய் அட்வான்ஸில் நாட்டுப் பூட்டு கிடையாது. பழைய ஃபேமிகாம் கார்ட்ரிட்ஜுக்கு 60 பின், வெளிநாட்டு என்ஈஎஸ்ஸுக்கு 72 பின், அதோடு என்ஈஎஸ்ஸுக்குள் ஒரு பூட்டுச் சில்லு வேறு. ஒன்றை இன்னொன்றில் செருகவே முடியாது. அட்வான்ஸில் அந்தத் தொல்லையெல்லாம் இல்லை, ஜப்பான் கார்ட்ரிட்ஜ் எந்த ஊர் கருவியிலும் ஓடும். தடை என்றால் மொழி ஒன்றுதான். அதனால் நானும் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் மதர் 3 கார்ட்ரிட்ஜ் வாங்கினேன். வந்தது. போட்டேன். ஓடியது. மூன்று நாள் விளையாடி சேமித்ததெல்லாம் நான்காம் நாள் காணோம். கழற்றி விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: உண்மையான கார்ட்ரிட்ஜ் லேபிளில் அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண் ஒன்று மெலிதாகத் தெரிய வேண்டும், இதில் வழவழவென்று ஒன்றுமே இல்லை. பின்களுக்கு மேலே பலகையில் நின்டெண்டோ பெயர் அச்சாகியிருக்க வேண்டும், அதுவும் இல்லை. அசல் போகாத ஊருக்குப் போலி எப்படியோ வழி கண்டுபிடித்து வந்துவிடுகிறது.

அதனால் கடைசியில் நானும் எல்லோரையும் போல ரசிகர் மொழிபெயர்ப்பில்தான் முழுசாக விளையாடினேன். 2008 அக்டோபரில் வந்த அந்த ஆங்கில பேட்ச், கிளைட் மாண்டெலின் தலைமையில் ஒரு குழு செய்தது. அவர் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர், விளையாட்டுத்தனமாகச் செய்த வேலை இல்லை அது. பேட்ச் என்றால் கேமே அல்ல, அசலுக்கும் மாற்றியதற்கும் உள்ள வித்தியாசம் மட்டும். அசல் உங்களிடம் இருக்க வேண்டும், அதன் மேல் இதைப் பூச வேண்டும். 2013-ல் அந்த மொழிபெயர்ப்புக் கோப்புகளை இலவசமாகவே தருகிறேன், பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று நின்டெண்டோவுக்குப் பொதுவில் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை.

சரி, அதுதான் விளையாடியாச்சே, இன்னும் எதற்கு அதிகாரபூர்வப் பதிப்பு வேண்டும் என்று காத்திருக்கிறாய் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ரொம்ப நாள் என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. "படைப்பாளிக்குப் பணம் போக வேண்டும்" என்று சொல்லிப் பார்த்தேன், அது உண்மைதான், ஆனால் ராத்திரி கண்விழித்து இரண்டு ஜன்னல் திறந்து உட்காருவதற்கு அது காரணம் இல்லை என்று எனக்கே தெரியும்.

நடப்பது இதுதான். யாரிடமாவது மதர் 3 பற்றிச் சொல்லுவேன். அதில் சண்டை வரும்போது பின்னணி இசையின் தாளத்துக்குச் சரியாகப் பொத்தானைத் தட்டினால் அடி மேல் அடி விழும், பதினாறு அடி வரை போகலாம், தாளம் பிடிபடவில்லையா, எதிரியைத் தூங்க வைத்தால் அதன் இதயத் துடிப்பு கேட்கும், அந்தத் துடிப்புதான் தாளம் என்று கையால் மேசையைத் தட்டிக் காட்டியே சொல்லுவேன். கேட்பவர் கண் விரியும். "எதில் கிடைக்கும்?" என்பார். அப்போதுதான் ஆரம்பிக்கும். முதலில் எமுலேட்டர், அதாவது பழைய கருவி மாதிரி நடிக்கும் மென்பொருள், ஒன்றை இறக்கு. அப்புறம் அசல் கோப்பு, அதை எங்கே எடுப்பது என்று நான் சொல்ல முடியாது. அப்புறம் பேட்ச். அப்புறம் பேட்சைப் பூசும் மென்பொருள். ஒலி தாமதமாக வந்தால் தாளம் தப்பும், அமைப்புகளில் போய் இதை இதை மாற்று. நான்காவது படிக்குள் அவர் முகத்தில் விளக்கு அணைந்துவிடும். அவரைக் குறை சொல்லி என்ன பண்ண.

ரசிகர் மொழிபெயர்ப்பு அந்த கேமை ஏற்கெனவே தெரிந்து தேடி வருபவனுக்குத்தான் திறக்கிறது. தெரியாதவன் அதில் தடுக்கி விழ வழியே இல்லை. நான் சின்ன வயதில் பிடித்துப்போன கேம்கள் பாதி, அட்டைப் படம் பார்த்து எடுத்தவை. யாரும் பரிந்துரைக்கவில்லை, எதுவும் படிக்கவில்லை, சும்மா கையில் கிடைத்தது. நான் கேட்பதெல்லாம் அந்த மாதிரி ஒருத்தன் கையில் இது சும்மா கிடைக்க வேண்டும் என்பதுதான்.

சில நேரம் கிடைத்தும் இருக்கிறது. மதர் முதல் பாகத்தின் கதையைக் கேளுங்கள். 1990-லேயே அதற்கு ஆங்கிலப் பதிப்பு தயாராகிவிட்டது, நின்டெண்டோவே செய்தது. மொழிபெயர்த்து, சில படங்களை மாற்றி, வேகமாக நடக்க ஒரு பொத்தான் சேர்த்து, முடிவுக் காட்சியையும் நீட்டி, எல்லாம் முடித்தபின் வெளியிடவில்லை. அந்த மாதிரிப் பிரதிகளில் ஒன்று எப்படியோ வெளியே வந்து, 1998-ல் இணையத்தில் இறங்கியது. இரண்டாம் பாகத்தின் ஆங்கிலப் பெயர் எர்த்பவுண்ட் என்பதால் ரசிகர்கள் இதற்கு எர்த்பவுண்ட் ஜீரோ என்று பெயர் வைத்து விளையாடினார்கள். 2015 ஜூன் 14 அன்று, சொல்லாமல் கொள்ளாமல், நின்டெண்டோ அதைத் தன் வீ யூ கருவிக்கான இணையக் கடையில் எர்த்பவுண்ட் பிகினிங்ஸ் என்று வெளியிட்டது. உள்ளே இருந்தது கிட்டத்தட்ட அந்த 1990 பதிப்பேதான். இருபத்தைந்து வருடம் அலமாரியில் இருந்ததை எடுத்துத் தூசி தட்டி வைத்தார்கள், அவ்வளவுதான். கேம் தயாராக இல்லை, மொழிபெயர்க்க ஆளில்லை, செலவு தாங்காது என்ற காரணங்களையெல்லாம் அன்றிலிருந்து நான் பாதிதான் நம்புகிறேன்.

பாதி நம்பத்தான் வேண்டும், ஏனென்றால் மொழிபெயர்ப்பில் அந்தக் காலத்தில் உண்மையான கஷ்டம் இருந்தது. ஜப்பானியக் கானா எழுத்து நம்முடைய உயிர்மெய் மாதிரி, ஓர் ஓசைக்கு ஓர் எழுத்து. மருந்துக்கு அவர்கள் சொல் குசுரி. அவர்களுக்கும் மூன்று எழுத்து, நாம் எழுதினாலும் மூன்றே எழுத்து. அதையே ஆங்கிலத்தில் மெடிசின் என்று எழுதப்போனால் எட்டு எழுத்து வேண்டும். பட்டியலில் நான்கு கட்டம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால் என்ன செய்வது? முதல் ஃபைனல் ஃபேன்டஸியின் என்ஈஎஸ் பதிப்பில் நெருப்பு மந்திரத்தின் இரண்டாம் நிலைக்கு எஃப்-ஐ-ஆர்-2 என்று பெயர். காவல் நிலையச் சமாச்சாரம் இல்லை, ஃபயர் 2 என்பதை நான்கு கட்டத்துக்குள் திணித்த கதை. பொருள் பெயருக்கே இந்தப் பாடு என்றால், பத்து மணி நேரம் இருபது மணி நேரம் பேசும் ரோல்பிளேயிங் கேமை யோசித்துப் பாருங்கள். உரையாடல் பெட்டியைப் பெரிதாக்கு, எழுத்துருவை ஒல்லியாக்கு, இடம் போதாவிட்டால் பெரிய சில்லுள்ள கார்ட்ரிட்ஜ் போடு, சில்லு பெரிதானால் விலையும் ஏறும். அதற்குள் அடுத்த கன்சோல் வந்து நிற்கும். செய்க்கென் டென்செட்சு 3 போன்ற சூப்பர் ஃபேமிகாம் கேம்கள் 1995-ல் வந்தவை, பிளேஸ்டேஷன் அப்போதே கடையில் இருந்தது. அந்த கேம் அதிகாரபூர்வ ஆங்கிலத்தில் வந்தது 2019 ஜூன் 11, டிரையல்ஸ் ஆஃப் மானா என்ற பெயரில், கலெக்ஷன் ஆஃப் மானா தொகுப்புக்குள், அறிவித்த அதே நாளில். இருபத்து நான்கு வருடம்.

ஆனால் இன்றைக்கு எழுத்துக் கட்டமும் சில்லு விலையும் பிரச்சினையே இல்லை. இன்றைய பிரச்சினை பெரும்பாலும் காகிதம். யாருக்கு உரிமை, யார் கையெழுத்து போட வேண்டும், கையெழுத்து போட வேண்டிய நிறுவனம் இன்னும் இருக்கிறதா. டெர்ரானிக்மா என்று ஒரு கேம். இது தலைகீழ் கதை: ஜப்பானில் 1995, ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அடுத்த வருடம், ஆங்கிலத்திலேயே, ஆனால் வட அமெரிக்காவுக்கு மட்டும் வரவில்லை, ஏனென்றால் ஜப்பானில் அதை வெளியிட்ட எனிக்ஸ் நிறுவனம் தன் அமெரிக்கக் கடையை அதற்குள் மூடிவிட்டது. ஆங்கிலம் தெரிந்த ஒரு கண்டமே ஆங்கிலத்தில் இருக்கும் கேமை எட்டி நின்று பார்த்தது. உருவாக்கிய க்விண்டெட் நிறுவனம் அப்புறம் ஓசையில்லாமல் மறைந்துவிட்டது, எனிக்ஸ் 2003-ல் ஸ்குவேரோடு சேர்ந்துவிட்டது. ரசிகர்கள் கேட்டபடியே இருக்கிறார்கள், யாரிடம் கேட்பது என்பதில்தான் குழப்பம். இதற்கு நேர்மாறாக க்ளாக் டவர்: 1995-ல் ஹியூமன் என்ற நிறுவனம் செய்தது, அந்த நிறுவனம் நொடித்துப்போனது, உரிமை சன்சாஃப்ட் கைக்கு வந்தது, கையில் இருப்பதை என்ன செய்வது என்று தெரிந்தவர்களாக இருந்ததால் 2024-ல் முதல் முறையாக ஆங்கிலத்தில் வந்தது.

சில சமயம் ஒரு கேமை மீட்டுக் கொண்டுவருவது தனி மனிதரின் பிடிவாதம். 1994-ல் லைவ் அ லைவ் என்ற கேமை இயக்கிய தகாஷி தொகிதாவே 2022-ல் அதன் புதுப் பதிப்புக்குத் தயாரிப்பாளர். 1997-ல் வந்த மூன் என்ற கேம், அதாவது வீரன் ஒருவன் ஊரெல்லாம் கொன்று போட்ட ஜந்துகளின் ஆத்மாக்களை நீங்கள் பின்னாலேயே போய்க் காப்பாற்றும் கேம், அதைச் செய்தவர்களில் ஒருவரான யோஷிரோ கிமுரா தன் சொந்தச் சிறு நிறுவனம் வழியாக 2020-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். நான் இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன், மதர் 3-க்கும் முன்னால். ஏனென்றால் "எதில் கிடைக்கும்?" என்றால் ஒரே சொல்லில் பதில் சொல்லலாம்: ஸ்விட்ச்.

எனக்கு நிஜமாகக் கோபம் வரும் இடம் இனிமேல்தான். ஃபயர் எம்ப்ளம் முதல் பாகம், 1990 ஃபேமிகாம். முப்பதாம் ஆண்டுக்காக நின்டெண்டோ அதை முதல் முறையாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, தவறு செய்தால் பின்னோக்கி ஓட்டும் வசதியெல்லாம் சேர்த்து, 2020 டிசம்பர் 4 அன்று ஸ்விட்சில் விற்றது. விலை ஆறு டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. நல்ல வேலை, மனதாரச் சொல்கிறேன். 2021 மார்ச் 31 அன்று விற்பனையை நிறுத்திவிட்டார்கள். தீர்ந்துபோகவில்லை, தீருவதற்கு அது பெட்டியில் அடுக்கிய பொருளே இல்லை, பதிவிறக்கம். முப்பது வருடம் காத்திருந்து நான்கு மாதம் திறந்து வைத்தார்கள். அப்போதே தகவல் தெரிந்து வரிசையில் நின்றவர்கள் யார்? நாங்கள்தான், ஏற்கெனவே பேட்ச் போட்டு விளையாடியவர்கள். அப்புறம் ஸ்மாஷ் பிரதர்ஸ் என்ற சண்டை கேமில் இதன் நாயகன் மார்த்தைப் பார்த்துவிட்டு "யார் இந்த நீலத் தலைமுடிக்காரன்" என்று தேடி வரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கதவு சாத்தியிருக்கிறது.

நிரந்தரமாக விற்றாலும் கடையே நிரந்தரமில்லை என்பது வேறு. நின்டெண்டோவின் வீ கருவிக்கான கடை 2019 ஜனவரி 30-ல் மூடியது, வீ யூ, 3டிஎஸ் கடைகள் 2023 மார்ச் 27-ல். எர்த்பவுண்ட் பிகினிங்ஸ் வீ யூவோடு போயிருக்கும், நல்லவேளை 2022-லேயே ஸ்விட்ச் சந்தாவுக்குள் வந்துவிட்டது. சந்தா நின்றால்? தெரியாது, அப்போது பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் ஒரு கணக்கு எடுத்தது: அங்கே 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று முறையாக விலைக்குக் கிடைக்காது. இது அங்கே வெளியான கேம்களுக்கு மட்டும். வெளியே வராதவை அந்தக் கணக்கிலேயே சேராது.

கணக்கில் சேராதவற்றிலும் கடைக்கோடியில் இருப்பது சாட்டலாவியூ. சூப்பர் ஃபேமிகாமுக்கு அடியில் மாட்டும் ஒரு கருவி, 1995 முதல் 2000 வரை செயின்ட் கிகா என்ற செயற்கைக்கோள் வானொலி நிறுவனம் அதற்கு கேம்களை ஒலிபரப்பியது. ஆமாம், கேம்களை. இறங்கியதை 8 மெகாபிட் நினைவுத் தகட்டில் சேமிக்கலாம், இடம் போதாவிட்டால் முன்னதை அழிக்க வேண்டும். அதற்கென்றே செல்டா வரிசையில் ஒரு கேம் செய்தார்கள், 1995-ல். குறிப்பிட்ட மணிக்கு உட்கார்ந்தால்தான் விளையாட முடியும், கேம் கருவியில் ஓடும், அதற்கான இசையும் நடிகர்களின் குரலும் அந்த நேரத்தில் வானத்திலிருந்து நேரடியாக வரும். மணி முடிந்தால் கேம் முடிந்தது. கேம் தகட்டில் மிஞ்சியது, குரல் எங்கும் சேமிக்கப்படவில்லை. அன்று யாரோ சிலர் வீடியோ டேப்பில் பதிவு செய்து வைத்ததிலிருந்துதான் இன்று ரசிகர்கள் அதை ஒட்டுப்போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். இதை மறுவெளியீடு செய் என்று கேட்டால், எதை, எந்தப் பாதியை என்று திருப்பிக் கேட்பார்கள். இருந்தாலும் இந்தக் குவியலிலிருந்தும் ஒன்று தப்பி வந்தது: 1996-ல் ஒலிபரப்பான ரேடிக்கல் ட்ரீமர்ஸ், வெறும் எழுத்தால் ஆன ஒரு திருட்டுக் கதை. 2022 ஏப்ரலில் க்ரோனோ க்ராஸ் மறுபதிப்போடு கூடவே ஆங்கிலத்தில் வைத்துவிட்டார்கள். அந்த அறிவிப்பைப் பார்த்தபோது மதர் 3 நம்பிக்கை எனக்கு ஒரு மடங்கு ஏறியது. வானத்தில் போனதே திரும்பி வருகிறது, கார்ட்ரிட்ஜில் இருப்பதற்கு என்ன.

சரி, அந்த பிப்ரவரி ராத்திரிக்கு வருகிறேன். ஸ்விட்சில் ஜப்பான் என்று நாடு போட்டு இன்னொரு கணக்குத் தொடங்கினால் ஜப்பான் கடை திறக்கும், அங்கே அவர்களுடைய கேம் பாய் அட்வான்ஸ் செயலியை இறக்கிக்கொள்ளலாம், நம் சந்தாவே அதற்கும் செல்லும். பத்து நிமிட வேலை. இறக்கினேன், திறந்தேன், மதர் 3 பெட்டிப் படம் இருக்கிறதா என்று பார்த்தேன், மூடிவிட்டுத் தூங்கிவிட்டேன். ஜப்பானிய மொழியில் எனக்குக் கானா மட்டும் எழுத்துக் கூட்டத் தெரியும், அதில் கதை படிக்க முடியாது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்திருந்தபோது அவள் பெண் ஸ்விட்சை எடுத்து நோண்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. கொஞ்ச நேரத்தில் எனக்குப் பழக்கமான ஓர் இசை கேட்டது. திரும்பினால் திரையில் பெயர் எழுதும் கட்டங்கள். மதர் 3-ல் ஆரம்பத்திலேயே அந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் நீங்கள்தான் பெயர் வைக்க வேண்டும்.

"எப்படிம்மா இதுக்குள்ள போன?"

"படம் நல்லா இருந்துச்சு மாமா. இது என்ன கேக்குது?"

"அந்தப் பையனுக்குப் பேர் வைக்கச் சொல்லுது."

அவள் யோசிக்கவே இல்லை. கட்டம் முதல் எழுத்தில் நின்றிருந்தது, பொத்தானை நாலு தடவை அமுக்கினாள். அ, அ, அ, அ. ஜப்பானில் பொறுமையில்லாத பிள்ளைகள் அந்தக் காலத்திலிருந்தே கேம் நாயகர்களுக்கு வைக்கும் பெயர் இதுதான், அங்கே அது ஒரு பழைய ஜோக், இவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒவ்வொருவராக வந்தார்கள், அம்மா, அப்பா, நாய், எல்லோருக்கும் ஏதோ ஓர் எழுத்துக் குவியல். கடைசியில் இன்னொரு கேள்வி வந்தது.

"இது யாரு மாமா?"

"யாரும் இல்ல. உனக்குப் பிடிச்ச சாப்பாடு என்னன்னு கேக்குது."

"அதை எதுக்கு கேக்குது?"

"அப்புறமா கதைல அவங்க அம்மா செஞ்சு வச்சிருப்பாங்க."

அவள் முதல் தடவையாகக் கட்டங்களை மேலிருந்து கீழே நிதானமாகப் பார்த்தாள். "இதுல 'க' எது மாமா?" என்றாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.